மேஜை டிராயரில் கிடந்த ஆனர்ஸ் கடிதம்

தம்பி,

இதைப் பஸ்ஸில் நின்றுகொண்டோ கோச்சிங் கிளாஸில் நோட்டுக்கு நடுவே மறைத்து வைத்தோ படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் "சாப்டியா, துணி தொவச்சியா" என்று பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். முப்பது வருஷமாக ஆபீஸில் எழுதியே பிழைக்கிறவள் நான். எழுத்தில் வந்தால்தான் ஒரு விஷயம் நடந்ததாகவே எனக்குத் தோன்றும். அதனால் எழுதுகிறேன். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் பிறகு. பெங்களூரில் உனக்கு ஆனர்ஸ் கிடைக்காமல் போகவில்லை. கிடைத்தது. நியூரோசயின்ஸில் நாலாவது வருஷம் ஆனர்ஸ் படிக்க உன்னைத் தேர்ந்தெடுத்து மார்ச் மாதமே கடிதம் வந்தது. அதை நான் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

கோபம் வரும், வரட்டும். அதை என்மேல்தான் காட்ட வேண்டும். உன் மார்க்கு மேலும் மூளை மேலும் மூன்று மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தாயே, அது போதும்.

வீட்டில் அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் போஸ்ட்மேன் நேராக ஆபீஸுக்கே கொண்டுவந்தார். "பெங்களூர்லேர்ந்து ஸ்பீட் போஸ்ட்டும்மா, தம்பிக்கு எதுவும் நல்ல சேதியா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் மேஜையில் அன்றைய தபால்கள் ஒரு கட்டு இருந்தன. எங்கள் வேலையில் ஒரு கடிதம் கைக்கு வந்தால் முதலில் அதைத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என்றைக்கு வந்தது, எதைப் பற்றியது, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று ஒவ்வொரு கிளார்க்கும் வைத்திருக்கும் நோட்டு அது. பதிவில் ஏறிவிட்ட கடிதத்துக்கு என்றைக்காவது பதில் சொல்லியே தீர வேண்டும். பிடிக்காத கடிதம் ஏதாவது வந்தால் சில பேர் பதிவில் ஏற்றாமலேயே டிராயருக்குள் தள்ளிவிடுவார்கள். நாலு மாதம் கழித்து அந்தக் கடிதமே செத்துப்போகும். புதிதாக வருகிற பிள்ளைகள் யாராவது அப்படிச் செய்து மாட்டினால் முதலில் கத்துகிறவள் நான்தான். அந்த வேலையைத்தான் உன் கடிதத்துக்குச் செய்தேன்.

பிரித்துப் படித்துவிட்டுத்தான் செய்தேன், தெரியாமல் இல்லை. ஐந்து செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்து உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், பெற்றோர் கையெழுத்தோடு ஒப்புதல் படிவத்தை முப்பது நாளில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அனுப்பாவிட்டால் மூன்றாண்டுப் பட்டத்தோடு முடித்துக்கொள்வதாகக் கருதப்படும் என்று கடைசி வரி. 'கருதப்படும்' என்று நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! வாயைத் திறக்காதவர்கள் தலையில் நாங்கள் கட்டுகிற முடிவு அது. என் பிள்ளை தலையில் அதை நானே கட்டினேன்.

மே மாதம் நீ பெட்டியோடு வந்து இறங்கினாய். "லிஸ்ட்டுல என் பேரு இல்லம்மா. கூடப் படிச்சவனுங்களுக்கெல்லாம் வூட்டுக்கு லெட்டர் வந்துச்சாம். எனக்கு மார்க்கு பத்தல போலருக்கு" என்றாய். "அட வுடு தம்பி, மூணு வருசம் படிச்சது போதும். குரூப் எக்ஸாம் எழுதுனா உள்ளூர்லயே உக்காந்துக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு உனக்கு வெங்காய ராகிதோசை வேறு ஊற்றிக்கொடுத்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நாலு தோசை சாப்பிட்டாய். அன்றைக்குச் சாயங்காலமே மூளைப் படம் போட்ட புத்தகங்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாய். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. "சாக்கு வாய இறுக்கிக் கட்டு, எலி வரும்" என்றேன்.

ஏன் செய்தேன் என்றால், பயம். நீ நாலாவது வருஷம் படித்தால் அதற்கு மேலும் படிப்பாய், அப்புறம் எந்த தேசத்துக்கோ போவாய், நானும் உன் அப்பாவும் இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம் என்று பயந்தேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, சோறு பிசைந்து மூடிவைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடி, மத்தியானம் வந்து ஊட்டிவிட்டு மறுபடியும் ஓடி அலுத்துப்போயிருந்தேன். நீ பெரம்பலூருக்கே வந்துவிட வேண்டும் என்று சிறுவாச்சூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். நீ வந்த அடுத்த திங்கட்கிழமை கோயிலில் உட்கார்ந்து மாவு இடித்து மாவிளக்கும் போட்டேன். "என்னம்மா வேண்டுதல்?" என்று நீ உலக்கையை வாங்கி எனக்குப் பதிலாக இடித்தாய். உன் ஆசையைக் கெடுத்ததற்கு உன் கையாலேயே மாவு இடிக்கவைத்தேன்.

இது நான் செய்த இரண்டாவது தப்பு. முதலாவது உனக்குத் தெரியும். ஆனாலும் நாம் அதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. அப்போது நீ பன்னிரண்டாம் வகுப்பு. உன் அப்பா ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் நைட் ஷிப்ட் முடித்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. "என்னங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டதற்கு "லோடு" என்றார். மறுபடி கேட்டால் மறுபடியும் "லோடு". நீ யூனிஃபார்மோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது ஸ்ட்ரோக்கு. பாடத்துல இருக்கு. நூத்தியெட்டுக்கு போன் போடும்மா" என்றாய். நான் அரும்பாவூருக்கு உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரிக்கு எல்லாம் தூக்கிட்டுப் போயிடாத. ஊசியப் போட்டுப் படுக்க வச்சிருவானுவ. வாதத்துக்குப் புறா ரத்தம்தான். சூட்டோட தேச்சா மூணு நாள்ல எந்திரிச்சு நடப்பான். நான் புறாவோட வரேன்" என்றார். பத்து மணிக்குப் பெரியப்பா பையில் இரண்டு புறாவோடு வந்தார். டிகிரி படித்த, அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிற நான் கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் தேச்சி வுடுங்க மாமா" என்றேன். நீ குறுக்கே வந்து நின்றாய். "சின்னப் பையன் உனக்கென்ன தெரியும், தள்ளு" என்று உன்னைப் பிடித்துத் தள்ளினேன்.

சாயங்காலம்தான் திருச்சிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அப்பாவின் வலது கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. மெடிக்கலுக்குப் படி என்று எல்லாரும் சொன்னபோது, நீ யாரும் கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னாய். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

முதல் வருஷ லீவில் நீ வந்திருந்தபோது ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே சுற்றினாய். தண்ணீர் கேட்டாலும் லோடு, டிவி போடச் சொன்னாலும் லோடு. ஆனால் கட்டில் காலில் விரல் இடித்துக்கொண்டால் கெட்டவார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் வந்தது. ஒன்று இரண்டு என்று நீ ஆரம்பித்துவைத்தால் பத்துவரை கடகடவென்று எண்ணினார். "எண்ணுறது, திட்டுறது எல்லாம் தலைக்குள்ள வேற வழியா வருதும்மா. ஆனா எந்த வார்த்தை போச்சு, எது தங்குச்சுன்னு டெஸ்ட் பண்றதெல்லாம் இங்கிலீஷ்ல செஞ்சத அப்படியே மாத்தி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க பேசுற மாதிரி ஒண்ணு செஞ்சு பாக்கணும்" என்றாய். காலேஜில் உனக்குப் பாடம் எடுக்கும் மேடமும் பிறகு அதைத்தான் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்றாய். இவ்வளவும் தெரிந்துதான் டிராயரைப் பூட்டினேன். எனக்காக நான் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இது வெளியே வந்தது எப்படி என்றால், எனக்கு அரியலூருக்கு டிரான்ஸ்ஃபர். குரூப் எக்ஸாம் கோச்சிங்குக்கு நீ திருச்சிக்குப் போன மறுநாள் ஆர்டர் வந்தது. டிராயரைக் காலிசெய்து எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் உன் அப்பா கையில் அந்தக் கவர். அவரால் முழு வரி படிக்க முடியாது. ஆனால் உன் பெயர் தெரியாமல் போகுமா? பெங்களூர் முத்திரையும் தெரியும். அட்மிஷன் ஃபார்மை அவர்தானே போஸ்ட் பண்ணினார், கம்பை ஊன்றிக்கொண்டு போய். "லோடு?" என்றார். "ஒண்ணுமில்லங்க, பழசு. சாப்பிடுங்க" என்றேன். தட்டைத் தள்ளினார். மறுபடி நகர்த்தி வைத்தேன். அந்தக் கடிதத்தை எடுத்துச் சோற்றின்மேல் வைத்தார்.

வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் கடிதத்தை எடுத்துத் துடைத்தேன். ரசம் பட்டிருந்தது, உனக்கு அனுப்பியிருக்கும் பக்கத்தில் மஞ்சளாக இருப்பது அதுதான். உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். தேதியைப் படித்ததும் விரலைத் தூக்கினார். மறுபடி படித்தேன். மார்ச் மாதம். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், பிறகு உன் புத்தகச் சாக்கு இருந்த பரணைப் பார்த்தார். "நான்தாங்க ஒளிச்சு வச்சேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகள்தான் அவருக்கு நன்றாக வருமே. திட்டவில்லை. இடது கையை நீட்டிப் பேனா கேட்டார்.

கவருக்குள் விதிமுறை பதினாலு பக்கம் இருந்தது. இரண்டு நாளாகப் பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிட்டேன், இனிமேல் நான் சொல்கிறபடி கேள். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்துச் சராசரி ஏழரைக்குக் குறையக் கூடாது. ஏழரை என்றாலே நம்மூரில் எள்ளு விளக்குப் போட ஓடுவார்கள். உனக்கு எட்டுக்கு மேலேயே இருக்கிறது. அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. புள்ளியியலில் ஒரு தடவை கோட்டை விட்டாயே, அதை அடுத்த செமஸ்டரிலேயே எழுதித் தேறிவிட்டதால் அது கணக்கில் வராது. வழிகாட்டியாக ஒரு ஆசிரியர் சம்மதித்து எழுதித் தர வேண்டும். இரண்டு செமஸ்டரும் அவருக்குக் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். கடைசியில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் வெளியாள். அங்கே தெரியாததைத் தெரியாது என்று சொல். எங்கள் ஆபீஸுக்கு ஆடிட் பார்க்க வருகிறவர்கள் தெரியாது என்றவர்களை விட்டுவிடுவார்கள், மழுப்பினவர்களைத்தான் தோண்டுவார்கள். ஆய்வு நோட்டைப் பற்றி ஒரு விதி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அச்சு அசலாக எங்கள் பதிவேட்டு விதி. அன்றன்றைக்கே எழுது. மனசுக்குப் பிடிக்காத முடிவு வந்தால் அதை முதலில் எழுது. டிராயர் எல்லா ஆபீஸிலும் இருக்கும், உங்கள் லேபிலும் இருக்கும்.

நோயாளிகளை வைத்துச் செய்கிற ஆய்வானால் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். ஒவ்வொருவரிடமும் அவருக்குப் புரிகிற பேச்சில் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இந்தப் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். அன்றைக்குப் புறாவை அறுக்கும் முன்னால் உன் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. உன் நாலாவது வருஷத்தை எடுத்து டிராயரில் வைக்கும்போது உன்னிடம் நான் கேட்கவில்லை. பேச்சு வராதவரிடம்கூடக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், நன்றாக இருப்பார்கள். நெருங்கிய உறவினரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதனால் அப்பாவை நீ டெஸ்ட் பண்ண முடியாது. வேறு யாருடைய அப்பாக்களையாவது பார்.

உன்னிடமும் ஒரு குறை இருக்கிறது, சொல்லாமல் விடமாட்டேன். லெட்டர் வரவில்லை என்றதும் டிபார்ட்மெண்ட்டுக்குப் போய் "என் பேரு ஏன் இல்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். உனக்கு வாய் வராது. மார்க்கு பத்தல என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்துவிட்டாய். கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவாய்? அம்மா சொன்னாலும் சரி, மேடம் சொன்னாலும் சரி, காகிதத்தைக் காட்டு என்று கேள். பெரியப்பா புறாவோடு வந்த அன்றைக்கு நான் தள்ளியபோது நீ தள்ளிப்போயிருக்கக் கூடாது என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும். பதினேழு வயசுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிற காரியமா அது? என் அநியாயம்தான்.

இனி ஆகவேண்டியது. பதினோராம் பக்கத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தக்க காரணம் காட்டி, துறைத் தலைவரின் பரிந்துரையோடு, வகுப்பு தொடங்கும் நாள்வரைக்கும் தாமதமான ஒப்புதலை ஏற்கலாம். இப்படி ஒரு பிரிவு எல்லா விதிமுறையிலும் எங்காவது ஒளிந்திருக்கும், அதைத் தேடிப்பிடிப்பதுதான் என் பிழைப்பு. வகுப்பு தொடங்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஏற்பார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஏற்கலாம் என்றுதான் இருக்கிறது, ஏற்க வேண்டும் என்று இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நீ பெங்களூரில் நேரில் நிற்க வேண்டும். முதலில் மேடத்திடம் போ, அங்கிருந்து துறைத் தலைவரிடம். அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. நான் அரியலூர் போய்வருகிற நேரமெல்லாம் பெரியப்பா வந்து கூட இருப்பதாகச் சொல்லிவிட்டார். நடந்ததைப் போனில் சொன்னேன். "பய படிக்கட்டும்த்தா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். சரி மாமா, ஆனால் பையில் புறா இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். புத்தகச் சாக்கைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். எலி தொடவில்லை.

இதோடு இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று என் விண்ணப்பம். எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தன் தப்பைத் தன் கையால் எழுதிக்கொள்ளக் கூடாது. 'கவனக்குறைவால் தாமதம் ஏற்பட்டது' என்று எழுதுவோம், யாருடைய கவனக்குறைவு என்று எழுத மாட்டோம். பழக்கதோஷத்தில் முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'கடிதம் உரிய காலத்தில் கிடைத்தது. மாணவரின் தாயாகிய நான் அதை வேண்டுமென்றே மறைத்துவைத்தேன். தாமதத்துக்கு என் மகன் காரணமல்ல. அவனுக்கு இது தெரியவே தெரியாது.' யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ வெட்கப்படாமல் கொடு.

இன்னொன்று ஒப்புதல் படிவம். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் உன் அப்பா இடது கையால் போட்டிருக்கிறார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார், நான் கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டார். கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. அட்மிஷன் ஃபார்மில் அவர் பெயரில் இருக்கும் அழகான கையெழுத்தோடு இது பொருந்தாது. அதுவும் நான் போட்டது, அவர் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் ஆபீஸில் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்டால் தலையைக் குனியாதே. இதைப் படிக்கத்தான் சார் வந்திருக்கிறேன் என்று சொல்.

அம்மா